இரண்டு காசுக்குக் கணக்கு

தமிழகத்துத் தேவாலயங்களில் காணிக்கை எடுக்கும் நேரத்தில் அதிகம் பேசப்படுபவள் பெயர் தெரியாத ஒரு கைம்பெண். எருசலேம் ஆலயத்தின் காணிக்கைப் பெட்டியில் கையிலிருந்த இரண்டு காசையும் போட்டுவிட்டுப் போனவள். மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் 12-ஆம் அதிகாரத்தில் நான்கே வசனங்களுக்கு வந்து மறைந்துவிடுகிறாள். அந்த ஆலயத்தில் எக்காளம் போல் வாய் குறுகிய 13 பெட்டிகள் இருந்ததாக யூதர்களின் மிஷ்னா நூல் சொல்கிறது. தாள் பணம் இல்லாத காலம். யார் எவ்வளவு போடுகிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காதுக்குத் தெரிந்திருக்கும். அவள் போட்டது அன்று புழக்கத்தில் இருந்ததிலேயே ஆகச் சிறிய செப்புக்காசு. அதில் இரண்டு சேர்ந்தால் கூலியாள் ஒருவரின் நாள் சம்பளத்தில் 64-இல் ஒரு பங்கு. இன்றைக்கு நாள் கூலி 640 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அவள் போட்டது பத்து ரூபாய். எல்லாரையும்விட இவளே அதிகம் போட்டாள் என்று இயேசு சீடர்களைக் கூப்பிட்டுச் சொல்கிறார். மற்றவர்கள் மிஞ்சியதிலிருந்து எடுத்துப் போட்டார்கள். இவளோ பிழைப்புக்கு வைத்திருந்ததையே போட்டுவிட்டாள் என்பது அவர் சொல்லும் காரணம். கொடுத்த தொகையை அவர் பார்க்கவில்லை. கொடுத்த பிறகு கையில் என்ன மிச்சம் என்பதைப் பார்த்தார்.

இந்த அளவுகோலைக் கொடுப்பவரிடம் நீட்டுவதில் சபைகளுக்கு எந்தத் தயக்கமும் இருந்ததில்லை. அதே கோலை வாங்குகிற கையின் பக்கம் திருப்பினால்தான் முகம் சுருங்குகிறது. தியாகமாகக் கொடுங்கள் என்று கேட்கும் தகுதி, தானும் அதே கோலால் அளக்கப்படச் சம்மதிக்கும் தலைமைக்கும் நிறுவனத்துக்கும் மட்டுமே உண்டு என்பது என் வாதம். தணிக்கையாளர்களோ நாத்திகர்களோ வெளியிலிருந்து கொண்டுவந்து திணிக்கும் நிபந்தனை என்று இதைத் தள்ளிவிட முடியாது. கிறிஸ்தவ வேதத்துக்குள்ளும் சபை வரலாற்றுக்குள்ளும் முதல் நாளிலிருந்தே இருக்கிற நிபந்தனை இது.

அந்த நான்கு வசனங்களின் இரு பக்கமும் என்ன இருக்கிறது என்று பார்த்தாலே போதும். அதற்குச் சற்று முன்னால், நீண்ட அங்கி போட்டுக்கொண்டு உலாவி, சந்தைவெளியில் வணக்கமும் விருந்துகளில் முதல் இருக்கையும் தேடுகிற வேதபாரகரைப் பற்றி இயேசு எச்சரிக்கிறார். அவர்கள் மேல் அவர் வைக்கும் குற்றச்சாட்டுகளில் ஒன்று, கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிறார்கள் என்பது. உடனே அடுத்த காட்சியில் ஒரு கைம்பெண் தன் கடைசிக் காசைப் போடுகிறாள். அவள் போனதும் சீடரில் ஒருவர் ஆலயத்தின் பெரிய கற்களையும் கட்டடங்களையும் காட்டி வியக்கிறார். இதில் ஒரு கல்லின்மேல் இன்னொரு கல் நிற்காது என்று பதில் வருகிறது. நம் பிரசங்கங்களில் முன்னதும் பின்னதும் காணாமல் போய், நடுவிலிருக்கும் கைம்பெண் மட்டும் தனியே வெட்டி எடுக்கப்படுகிறாள். அடிசன் ரைட் என்ற கத்தோலிக்க வேத ஆய்வாளர் 1982-இல் எழுதிய கட்டுரையில், இயேசு சொன்னது பாராட்டே அல்ல, ஓர் ஏழையை இந்த நிலைக்குக் கொண்டுவந்த அமைப்பைப் பார்த்துப் பட்ட துயரம் என்று வாதிட்டார். அந்த அளவுக்கு நான் போக மாட்டேன். அவளது கொடையை அவர் மதித்தார் என்பது வசனத்திலேயே தெளிவு. ஆனால் அவளைப் போல் நீங்களும் போய்ச் செய்யுங்கள் என்ற கட்டளை அங்கே இல்லை என்பதும் அதே அளவுக்குத் தெளிவு. அவளைப் புகழ்ந்தவரும் பெட்டியின் சொந்தக்காரர்களைக் கண்டித்தவரும் ஒருவரே.

தசமபாகத்தின் கதையும் இப்படித்தான் பாதியில் வெட்டப்பட்டது. பத்தில் ஒன்றைக் கொண்டுவா, வானத்தின் பலகணிகள் திறக்கும் என்ற வாக்குறுதிக்காக மல்கியாவின் மூன்றாம் அதிகாரம் ஓயாமல் மேற்கோள் காட்டப்படுகிறது. அதே அதிகாரத்தில், அந்த வாக்குறுதிக்கு ஐந்து வசனம் முன்னால், கூலிக்காரனின் கூலியைப் பிடித்துக்கொள்பவர்களுக்கும் கைம்பெண்ணையும் தகப்பனற்ற பிள்ளையையும் ஒடுக்குபவர்களுக்கும் எதிராகத் தாமே சாட்சியாக வருவேன் என்று கடவுள் சொல்வதாக இருக்கிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை தசமபாகம் எங்கே போக வேண்டும் என்பதை உபாகமம் 14-ஆம் அதிகாரம் விளக்குகிறது: நிலமில்லாத லேவியருக்கு, அந்நியருக்கு, அனாதைக்கு, கைம்பெண்ணுக்கு. மோசேயின் சட்டத்தில் கைம்பெண் தசமபாகத்தை வாங்கிக்கொள்பவள். இன்று ஓய்வூதியமாக வரும் சிறு தொகையிலும் பத்தில் ஒன்றைக் கொடுக்க வேண்டியவளாக அவளை மாற்றிவிட்டோம். கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். மாதம் 10,000 ரூபாய் வாங்குபவர் ஆயிரம் கொடுத்தால் மிஞ்சும் 9,000-த்தில் வாடகை, அரிசி, பள்ளிக் கட்டணம் எல்லாம் நடக்க வேண்டும். பத்து லட்சம் வாங்குபவர் ஒரு லட்சம் கொடுத்தாலும் ஒன்பது லட்சம் கையில் நிற்கும். விகிதம் ஒன்றுதான், தியாகம் ஒன்றல்ல. விதை விதைத்தால் நூறு மடங்கு அறுக்கலாம் என்று தொலைக்காட்சியில் முழங்கும் ஊழியர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. திரும்பி வரும் என்ற எதிர்பார்ப்பில் போடுவது முதலீடு. அதைக் காணிக்கை என்று அழைப்பது கைம்பெண்ணுக்கே அவமரியாதை.

ஆதித் திருச்சபை எப்படி நடந்துகொண்டது? அப்போஸ்தலர் நடபடிகளின்படி எருசலேம் சபைக்குள் எழுந்த முதல் முறுமுறுப்பு கோட்பாட்டைப் பற்றியது அல்ல, பந்தியைப் பற்றியது. அன்றாடப் பங்கீட்டில் கிரேக்கம் பேசும் கைம்பெண்கள் விடுபட்டுப்போகிறார்கள் என்று புகார் வந்தது. அப்போஸ்தலர்கள் புகார் சொன்னவர்களை விசுவாசக் குறைவு உள்ளவர்கள் என்று அடக்கவில்லை. பங்கீட்டைக் கவனிக்க ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அதற்கு முந்தைய அதிகாரத்தில் நிலத்தை விற்று விலையில் ஒரு பங்கை மறைத்த அனனியாவின் கதை வருகிறது. நிலம் விற்குமுன் உன்னுடையதாகத்தானே இருந்தது, விற்ற பிறகும் பணம் உன் வசம்தானே இருந்தது என்று பேதுரு கேட்கிறார். கொடுக்காமல் இருப்பதற்கும் அவனுக்கு உரிமை இருந்தது. பொய் சொன்னதே குற்றம்.

பவுல் இதில் இன்னும் கவனமாக இருந்தார். எருசலேம் ஏழைகளுக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் அவர் திரட்டிய நிதி, கிறிஸ்தவ வரலாற்றில் ஊர்விட்டு ஊர் போன முதல் பெரிய நிவாரண நிதி என்று சொல்லலாம். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் எட்டாம், ஒன்பதாம் அதிகாரங்கள் முழுக்க அதைப் பற்றித்தான். மக்கெதோனியர் தங்கள் கொடிய வறுமையிலும் சக்திக்கு மீறிக் கொடுத்தார்கள் என்று பெருமைப்படுகிறார். அடுத்த மூச்சிலேயே, மற்றவர்கள் சுகமாய் இருக்க நீங்கள் நெருக்கடிப்படவேண்டும் என்பது என் நோக்கமல்ல, இரு பக்கமும் சமநிலை வரவேண்டும் என்கிறார். பிறகு பணத்தைக் கொண்டுபோகும் ஏற்பாடு. தீத்து வருகிறார், கூடவே சபைகள் தாங்களே தேர்ந்தெடுத்த ஒரு சகோதரர், அவரோடு இன்னொருவர். இவ்வளவு பெரிய தொகையை நாங்கள் கையாளும் விதத்தில் யாரும் எங்களைக் குற்றம் சொல்ல இடம் இருக்கக்கூடாது என்று காரணத்தையும் எழுதிவைக்கிறார். கடவுளுக்கு முன் யோக்கியமாய் இருந்தால் போதாது, மனிதர் கண்ணுக்கும் அது தெரிய வேண்டும் என்பது அவர் கருத்து. எருசலேமுக்கு அவர் கிளம்பியபோது உடன் போன ஏழு பேரின் பெயர்களை நடபடிகள் நூல் தருகிறது. நிதி கொடுத்த சபைகளின் பிரதிநிதிகள் அவர்கள் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். பவுல் அளவுக்கு நம்பகமானவர் தனக்கு ஏழு சாட்சிகளை வைத்துக்கொண்டார். நம் ஊரில் இரண்டு கையெழுத்துக்கே சண்டை.

சுமார் 197-இல் கார்த்தேஜில் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் தம் மதத்துக்காக எழுதிய தற்காப்பு நூலில் சபையின் பொதுப்பெட்டி பற்றி ஒரு பகுதி உண்டு. மாதம் ஒருமுறை, முடிந்தவர், விருப்பமிருந்தால், சிறு தொகை போடுவார்கள், கட்டாயம் கிடையாது. அது ஏழைகளுக்குச் சோறு போடவும் அவர்களை அடக்கம் செய்யவும், அனாதைகளுக்கும் வயதான வேலைக்காரர்களுக்கும் கப்பல் உடைந்தவர்களுக்கும் சுரங்கத்தில் தள்ளப்பட்டவர்களுக்கும் போகும். 251-ஆம் ஆண்டு வாக்கில் ரோமாபுரி ஆயர் கொர்னேலியு எழுதிய கடிதம் எண்களோடு பேசுகிறது. அந்தச் சபையில் மூப்பர் 46 பேர், உதவிக்காரரிலிருந்து வாயில் காப்போர் வரை மற்றப் பணியாளர் நூற்றுச்சொச்சம் பேர். சபை பராமரித்த கைம்பெண்களும் வறியவர்களும் 1,500-க்கு மேல். பணியாளர் ஒருவருக்கு ஏறத்தாழ பத்து ஏழைகள். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் மிலான் ஆயர் அம்புரோஸ், கைதிகளாகப் பிடிபட்டவர்களை மீட்பதற்காகத் திருப்பலிப் பாத்திரங்களையே உருக்கினார். எதிரணியினர் அதைக் குற்றமாகப் பேசியபோது, திருச்சபையிடம் பொன் இருப்பது சேமித்துவைக்க அல்ல, தேவையில் இருப்போருக்குச் செலவழிக்க என்று எழுத்திலேயே பதில் சொன்னார். கொடுத்த பிறகு என்ன மிச்சம் என்ற கோலைத் தன் பலிபீடத்தின் மேலேயே வைத்துப் பார்த்தவர் அவர்.

இந்தப் பாதையில் நமக்கு மிக நெருக்கமான உதாரணம் திருநெல்வேலிச் சீமையில் இருக்கிறது. வெள்ளாளன்விளையில் ஒரு கிராமப் போதகரின் மகனாக 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1902-இல் யாழ்ப்பாணம் போனபோது அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தச் செலவில் வெளியூருக்கு ஊழியர்களை அனுப்புவதைக் கண்டார். அடுத்த ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. இந்தியர் பணம், இந்தியர் உழைப்பு, இந்தியர் நிர்வாகம் என்பது கொள்கை. அன்றைய திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் பனையேறிகள், கூலிக்காரர்கள், சிறு விவசாயிகள். இங்கிலாந்திலிருந்து பணம் வந்துகொண்டிருந்த காலத்தில், நாங்களே கொடுக்கிறோம் என்று அவர்கள் முன்வந்தது சாதாரண முடிவல்ல. நிஜாம் அரசின் டோர்னக்கல் பகுதிக்கு முதல் ஊழியர் போனார். சில ஆண்டுகளில் அசரியாவும் ஒய்.எம்.சி.ஏ.வில் தாம் வகித்த பதவியை விட்டுவிட்டு அங்கேயே போய்ச் சேர்ந்தார். கொடுங்கள் என்று ஊர் ஊராகக் கேட்ட மனிதர், கொடுக்கப்பட்ட பணம் போன இடத்துக்குத் தானும் குடிபோனார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக 1912-இல் கல்கத்தாவில் அபிஷேகம் பெற்ற பின்னும் அவரது மக்கள் தெலுங்கு நாட்டின் மாலா, மாதிகா சாதி ஏழைகளாகவே இருந்தார்கள். கிறிஸ்தவக் கொடையைப் பற்றித் தனி நூலே எழுதிய அவர், அந்த ஏழைகளிடமும் கேட்கத் தயங்கவில்லை. கேட்கும் தகுதி அவருக்கு இருந்தது.

அந்தக் கொடை எந்த வடிவில் வந்தது என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். உலைக்கு அளந்தெடுத்த அரிசியில் ஒரு பிடியைத் திரும்ப எடுத்து, அடுப்படியில் அதற்கென்று இருக்கும் கலயத்தில் போடுவது. வீட்டில் ஆள் அதிகமோ குறைவோ, அன்றைக்குக் கறியோ கஞ்சியோ, கலயத்துக்கு ஒரு பிடி. வாரம் முடிந்ததும் பெண்கள் கூட்டத்தார் வந்து அதைச் சேகரித்துப் போவார்கள். சபையில் அது விலையாகும். பிடி அரிசி கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமான வழக்கமும் அல்ல. காஞ்சிப் பெரியவரும் பிடி அரிசித் திட்டத்தை வலியுறுத்தியவர்தான். தென்மாவட்டங்களின் ஸ்தோத்திரப் பண்டிகையில் இதன் இன்னொரு முகம் தெரியும். முதல் வாழைத்தார், கால் கட்டிய கோழி, ஒரு கூடை முருங்கைக்காய், நான்கு முட்டை என்று வந்து குவியும். ஏலம் தொடங்கினால் சந்தை விலை முதல் கேள்வியிலேயே தாண்டிப்போகும். எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டுப் பொருளை மறுபடி காணிக்கையாகத் தர, அதே கோழி இரண்டாம் முறை ஏலத்துக்கு வரும். அசனம் என்ற பொது விருந்து நடக்கும் ஊர்களில் அரிசி மூட்டை கொடுத்தவரும் அரைப்படி கொடுத்தவரும் ஒரே பந்தியில் ஒரே குழம்பை ஊற்றிக்கொள்கிறார்கள். கொடுத்தது அன்றே கண்முன் பகிரப்பட்டுவிடுவதால் அங்கே கணக்குக் கேட்க வேண்டிய அவசியம் எழுவதில்லை.

ஏழைகளிடம் கேட்பதே தவறு, கேட்க வேண்டியது பணக்காரர்களிடம்தான் என்ற மறுப்பு நியாயமாகத் தோன்றும். இரக்கத்தில் பிறந்த மறுப்பு. ஆனால் அதற்குள் ஒரு மேட்டிமை ஒளிந்திருக்கிறது. ஏழை என்றைக்கும் வாங்குகிறவராகவே இருக்க வேண்டும் என்று அது சொல்லாமல் சொல்கிறது. மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 வாக்கில் தொடங்கிய பிடி அரிசி வழக்கம் இதற்குப் பதில் சொல்கிறது. பூஹ்ஃபாய் தாம் என்று அவர்கள் அழைக்கும் அது நூறாண்டு தாண்டி இன்றும் நடக்கிறது. மூங்கில் பூத்து, எலி பெருகி, விளைச்சலைத் தின்று பஞ்சம் வரும் மலைகள் அவை. 1911-இலும் 1959-இலும் 2007-இலும் மூங்கில் பூத்தது. அந்த மலைகளின் பெண்கள் ஒரு பிடி ஒரு பிடியாக ஊழியர்களை அனுப்பினார்கள். மிஷனரிகளிடமிருந்து வாங்கியவர்கள் கொடுக்கிறவர்களாக எழுந்து நின்றார்கள். தன்னைப் பின்னால் வைத்து மற்றவரை முன்னால் வைக்கும் த்லாம்ங்காய்னா என்ற அறம் கிறிஸ்தவம் வருமுன்பே மிசோக்களிடம் இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; தன்னலமற்ற வாழ்வைத் திருச்சபை ஒரு வெற்றிடத்தில் விதைக்கவில்லை. ஏழையின் கொடுக்கும் உரிமையை நான் மறுக்கவில்லை. அந்த உரிமையை அவர் பயன்படுத்தும்போது, வாங்குகிறவரின் பொறுப்பு பணக்காரரின் காசோலையை வாங்கும்போது இருப்பதைவிடப் பல மடங்கு ஏறுகிறது. கோடீசுவரரின் லட்சம் வீணானால் அவருக்கு ஒரு வேளைச் சோறு குறையாது.

இன்னொரு மறுப்பு பக்தியின் உடையில் வரும். வலது கை கொடுப்பதை இடது கை அறியக்கூடாது என்று இயேசுவே சொல்லியிருக்க, கணக்குக் கேட்பது எப்படித் தகும்? அந்த அறிவுரை கொடுப்பவருக்குச் சொன்னது. தன் தர்மத்தைத் தானே தமுக்கடிக்காதே என்பது அதன் பொருள். பொருளாளருக்கு அதில் எந்தச் சலுகையும் இல்லை. விசுவாசத்துக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் ஆகாது என்று நினைப்பவர்கள் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அனாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லரைப் பார்க்கலாம். யாரிடமும் பணம் கேட்பதில்லை, கடவுளிடம் மட்டுமே கேட்பது என்று உறுதி பூண்டவர். 1830-இலேயே நிலையான சம்பளத்தை வேண்டாம் என்று விட்டவர். அவரது வாழ்நாளில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அவரது பராமரிப்பில் வளர்ந்தார்கள். அவரே ஆண்டுதோறும் அறிக்கை அச்சிட்டார். கொடுத்தவர் பெயரை மறைத்து, வந்த ஒவ்வொரு பென்னியையும், தட்டு, கிண்ணம், குவளை என்று வந்த பொருளையும்கூட எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் விசுவாச வாழ்வுக்கு முன்மாதிரியாகக் காட்டப்பட்டவர், கணக்கு எழுதுவதிலும் முன்மாதிரிதான். கேட்காத மனிதர் அரைக்காசுக்கும் கணக்கு வைத்தார்.

எனக்குக் கொஞ்சம் கடினமாகப் படுவது வேறொரு மறுப்பு. அன்பு கணக்குப் பார்க்காது என்கிறார்கள். அதற்குப் பெத்தானியாவில் நடந்ததைக் காட்டுகிறார்கள். கிட்டத்தட்ட ஓர் ஆண்டுக் கூலி மதிப்புள்ள, முந்நூறு தெனாரியத்துக்கு மேல் விலைபோகும் நறுமணத் தைலத்தை ஒரு பெண் இயேசுவின் மேல் ஊற்றிவிடுகிறாள். இதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று முணுமுணுத்தவர்களை இயேசு கடிந்துகொள்கிறார். சமூகப் பயன் பார்த்து ஒவ்வொரு கொடையையும் எடைபோட்டால் இந்தப் பெண் தோற்றுவிடுவாள் என்பது உண்மை. ஆகவே கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவரை, ஆர்கன் வாங்கிக் கொடுத்தவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அவள் ஊற்றியது அவளுடைய தைலம். அடுத்தவரிடம் வசூலித்து ஊற்றவில்லை. யோவானின் சுவிசேஷம் இன்னொன்றையும் சேர்க்கிறது: அங்கே முணுமுணுத்தவன் யூதாஸ், அவனிடம்தான் பணப்பை இருந்தது, அதிலிருந்து அவன் எடுத்துக்கொள்வான். கணக்குப் பார்த்தவன் கெட்டவன் என்று படிப்பவர்கள், பையை வைத்திருந்தவன் யார் என்பதைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

பணத்தைத் தாண்டித் தன்னலமற்ற வாழ்வு என்று வரும்போதும் இதே கோணல் இருக்கிறது. அமெரிக்க இறையியலாளர் வேலரி செய்விங் 1960-இல் எழுதிய கட்டுரையில், தன்னை உயர்த்திக்கொள்ளும் அகந்தையே பாவத்தின் வேர் என்று ஆண் இறையியலாளர்கள் சொல்லிவருவது ஆணின் அனுபவம் என்றார். தன்னைத் தொலைத்துவிட்டு எப்போதும் பிறருக்காகவே கரைந்துபோவதே பெண்ணுக்கு வரும் சோதனை என்று எழுதினார். நம் சபைகளில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டாம். பந்திக்கு இலை போட்டுப் பரிமாறி, பாத்திரம் கழுவி, கடைசியில் சாப்பிடுகிற பெண்களுக்குத்தான் தாழ்மையைப் பற்றிய பிரசங்கம் அதிகம் கிடைக்கிறது. ஆசிரியருக்கோ செவிலியருக்கோ ஊழியம் என்ற பெயரில் குறைந்த சம்பளம் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பரலோகத்தின் பெயரில் எழுதும் நிர்வாகம் எங்கே இருந்தாலும், அது மல்கியாவின் அந்தக் கூலி வசனத்துக்குள் போய் நிற்கிறது. பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபின் நிருபமும் சொல்கிறது. தன்னைக் கொடுப்பதும் பிறரைக் கொடுக்கச் சொல்வதும் ஒன்றல்ல. 1941-இல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில் ஒருவர் தப்பியதற்குப் பழியாகப் பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்தபோது, அதில் ஒருவர் மனைவி மக்களை நினைத்து அழுததைக் கேட்டு, அவருக்குப் பதில் நான் போகிறேன் என்று முன்வந்தார் போலந்துப் பாதிரியார் மாக்சிமிலியன் கோல்பே. ஆகஸ்டு 14-இல் அவர் உயிர் போனது. அவர் காப்பாற்றியவர் 1982-இல் ரோமில் நடந்த புனிதர் பட்ட விழாவில் உயிரோடு உட்கார்ந்திருந்தார். கோல்பே தன்னைக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற இன்னொரு கைதியைப் பார்த்து, தன்னலம் மற, நீ போ என்று அவர் சொல்லியிருந்தால் அதற்கு என்ன பெயர் வைத்திருப்போம்?

1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அசரியா பேசியது இங்கே பொருந்துகிறது. மேல்நாட்டு மிஷனரிகள் உடைமைகளைக் கொடுத்தார்கள், உடலையும் கொடுத்தார்கள், எல்லாவற்றுக்கும் இந்தியத் திருச்சபை நன்றி சொல்லும், ஆனால் நாங்கள் நட்பைக் கேட்கிறோம் என்றார். பிறந்த மண்ணையும் பெரும் வசதியையும் விட்டுவிட்டு வந்தவர்கள்கூட, இந்திய ஊழியரைத் தம் சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிடத் தயங்கினார்கள். பவுல் சொன்ன சமநிலை அங்கே இல்லை. எல்லாவற்றையும் கொடுத்தும் மேலே நின்றபடியே கொடுக்க முடியும் என்பதை முப்பத்தைந்து வயதில் அந்த மேடையில் சொல்ல அவருக்குத் துணிவு இருந்தது. மண்டபத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை.

இன்றைக்குத் தமிழகத்துத் திருமண்டலங்கள் சிலவற்றின் நிர்வாகத்தை நடத்த ஓய்வுபெற்ற நீதிபதிகளை நீதிமன்றம் நியமிக்கும் நிலை வந்திருக்கிறது. தேர்தலில் அணிகள், சொத்து வழக்குகள், பள்ளி கல்லூரி நியமனங்களில் முறைகேடு என்ற புகார்கள். அரசோ நீதிமன்றமோ சபைக்குள் மூக்கை நுழைக்கக்கூடாது என்று வருத்தப்படுபவர்களின் அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சிறுபான்மையினரின் நிறுவனங்கள் மேல் கண் வைத்திருப்போர் உண்டு. ஆனால் பூட்டிய கணக்குதான் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. முதலில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி செய்ததைத் தலைவர்கள் செய்யலாம். ஆண்டுக்கு 30 பவுன் வருமானம் இருந்தபோது 28-இல் வாழ்ந்து இரண்டைக் கொடுத்தார். அடுத்த ஆண்டு 60 வந்தபோதும் 28-இலேயே வாழ்ந்து 32-ஐக் கொடுத்தார். 90 வந்தபோதும், 120 வந்தபோதும் செலவு அதே 28. வருமானம் ஏறினால் கொடை ஏறட்டும், வாழ்க்கை ஏற வேண்டாம் என்று அவர் மற்றவர்களிடம் சொன்னது இந்தப் பழக்கத்தின் பலத்தில். பேராயரின் வாகனம், மாளிகைப் பராமரிப்பு, வழக்கறிஞர் கட்டணம், தேர்தல் செலவு ஆகியவை ஒரு பத்தியிலும், கைம்பெண்கள், முதியோர், படிப்பை நிறுத்தும் நிலையில் உள்ள பிள்ளைகளுக்குப் போனது அடுத்த பத்தியிலுமாக ஆண்டறிக்கையில் அச்சாகட்டும். கொர்னேலியு தன் கடிதத்தில் பணியாளர் எண்ணிக்கையையும் ஏழைகள் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாரே, அப்படி. அது தமிழில், பிடி அரிசி எடுத்து வைக்கும் பெண்ணும் படிக்கும்படி, ஆராதனை முடிந்து வெளியே வரும் வாசலில் ஒட்டப்படட்டும். கேள்வி கேட்பவரைச் சபைக்கு எதிரி என்று நீக்குவதற்குமுன், எருசலேம் கைம்பெண்களுக்காக முறுமுறுத்தவர்களுக்கு அப்போஸ்தலர்கள் என்ன பதில் கொடுத்தார்கள் என்பதை அடுத்த திருமண்டலக் கூட்டத்தில் வேதபாடமாக வாசிக்கலாம்.